குடியிருப்பவர் தலையில் விழும் வரி: பிரிட்டனில் வாடகை வீடும் கவுன்சில் வரியும்

சென்னையில் வாடகைக்குக் குடியிருப்பவர் சொத்து வரி ரசீதைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். அது வீட்டுக்காரர் பாடு. யாழ்ப்பாணத்திலும் சோலைவரி என்ற வீட்டு வரியைப் பெரும்பாலும் வீட்டுச் சொந்தக்காரரே கட்டுகிறார். இந்தப் பழக்கத்தோடு லண்டன் ஈஸ்ட் ஹாமிலோ ஹாரோவிலோ வீடு எடுத்தவருக்கு, குடிவந்த சில வாரங்களில் தன் பெயருக்கே கவுன்சில் வரிச்சீட்டு வந்து விழுந்தால் முகவரி மாறி வந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் முகவரி சரியானதுதான். பிரிட்டனில் உள்ளாட்சி மன்றமான கவுன்சில் விதிக்கும் இந்த வரி, வீட்டின் மதிப்பை வைத்துக் கணக்கிடப்பட்டாலும், வீட்டில் வசிப்பவரிடம் வசூலிக்கப்படுவது. அங்கே வசிக்காத சொந்தக்காரர் கடைசியாகத்தான் கணக்கில் வருகிறார்.

விதி இவ்வளவு எளிதாக இருந்தும் வாடகைதாரர்களின் சச்சரவுகளில் இந்த வரி திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது. “வாடகையிலேயே எல்லாம் அடக்கம்” என்று வாய்வார்த்தையாகச் சொன்ன வீட்டுக்காரர், நான்கு பேர் தங்கிய வீட்டில் ஒருவர் பெயருக்கு மட்டும் வந்த முழுத் தொகை, காலிசெய்து இரண்டு மாதம் கழித்து வந்த பாக்கிச் சீட்டு என்று அதற்குப் பல வடிவங்கள். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: குறிப்பிட்ட ஒரு நாளில், குறிப்பிட்ட ஒரு வீட்டுக்கு, சட்டத்தின் கண்ணில் பொறுப்பாளி யார்? அதற்கான விடை வாடகை ஒப்பந்தத்தில் இல்லை, 1992ஆம் ஆண்டின் உள்ளாட்சி நிதிச் சட்டத்தில் இருக்கிறது.

வரிப் பதிவேட்டில் ஒரு பெயர்

வசிப்பவரிடம் வரி கேட்கும் வழக்கம் பிரிட்டனில் புதிதல்ல. எலிசபெத் ராணியின் காலத்து 1601 ஏழைகள் நிவாரணச் சட்டமே, ஒவ்வொரு திருச்சபை வட்டாரத்திலும் நிலத்தையும் வீட்டையும் அனுபவித்து வருபவர்களிடம் வரி பிரித்து ஏழைகளைப் பேண வேண்டும் என்றது. ‘ரேட்ஸ்’ என்ற உள்ளூர் வரி அதிலிருந்து வளர்ந்தது. ஆனால் சிறு வீடுகளில் மாறிமாறிக் குடியிருந்த ஏழைத் தொழிலாளிகளைத் தேடிப்பிடித்து வசூலிப்பது அதிகாரிகளுக்குப் பெரும்பாடாக இருந்தது. அதனால் 19ஆம் நூற்றாண்டில் பல ஊர்களில் வீட்டுக்காரரே வரியைக் கட்டிவிட்டு அதை வாடகையோடு சேர்த்து வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு பரவியது. 1850ஆம் ஆண்டுச் சட்டமொன்று இதற்கு இடம் கொடுத்தது.

இந்த ஏற்பாட்டுக்கு வாடகைதாரர் ஒரு விலை கொடுத்தார். வாக்குரிமை அந்நாளில் வரிப் பதிவேட்டோடு பிணைந்திருந்தது. வரியை வீட்டுக்காரர் கட்டியதால் குடியிருப்பவரின் பெயர் பதிவேட்டில் ஏறவில்லை. பெயர் ஏறாததால் வாக்கும் இல்லை. 1867 சீர்திருத்தச் சட்ட விவாதத்தில் நூவார்க் தொகுதி உறுப்பினர் குரோவ்னர் ஹாட்ஜ்கின்சன் கொண்டுவந்த திருத்தம், வீட்டுக்காரர் வழியாக வரி கட்டும் முறையையே நீக்கியது. அன்றைய நிதியமைச்சர் டிஸ்ரேலி அதை ஏற்றுக்கொண்டார். பல இலட்சம் நகரத் தொழிலாளிகள் ஒரே வீச்சில் வாக்காளர்களானார்கள். இரண்டே ஆண்டுகளில், 1869இல், பழைய ஏற்பாடு திரும்பி வந்தது. ஆனால் இம்முறை வாக்குரிமைக்குப் பங்கம் வராதபடி வந்தது. வரிக்குப் பொறுப்பாளி யார் என்பது வெறும் வசூல் கணக்கு அல்ல, ஊரில் யாருக்கு இடம் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது என்பதை இந்த இரண்டாண்டுக் கதை காட்டுகிறது.

நமக்கு நெருங்கிய காலத்துத் திருப்பம் மார்கரெட் தாட்சரின் ‘போல் டாக்ஸ்’. ரேட்ஸை ஒழித்துவிட்டு, ஒவ்வொரு வயதுவந்தவருக்கும் தலைக்கு இவ்வளவு என்று 1989இல் ஸ்காட்லாந்திலும் 1990இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அது விதிக்கப்பட்டது. மாளிகைவாசிக்கும் ஒற்றை அறைவாசிக்கும் ஒரே தொகை. மாணவர்கூட ஐந்தில் ஒரு பங்கு கட்ட வேண்டியிருந்தது. 1990 மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம் மூண்டது. அந்த ஆண்டு நவம்பரில் தாட்சர் பதவி விலகியதற்கான காரணங்களில் இந்த வரியும் ஒன்று. அடுத்து வந்த ஜான் மேஜர் அரசில் மைக்கேல் ஹெசல்டைன் முன்வைத்த மாற்றுதான் கவுன்சில் வரி. 1993 ஏப்ரல் 1 முதல் அது நடப்பில் இருக்கிறது. வட அயர்லாந்து மட்டும் பழைய ரேட்ஸிலேயே தங்கிவிட்டது.

கவுன்சில் வரி ஒரு சமரசம். தொகையை வீட்டின் மதிப்பு தீர்மானிக்கிறது; அந்த மதிப்பின்படி வீடுகள் ஏ, டி போன்ற பிரிவுகளில் வைக்கப்படுகின்றன. பொறுப்பு வசிப்பவர்மேல் விழுகிறது. தனியாளாக வசிப்பவருக்கு 25 சதவீதத் தள்ளுபடி உண்டு. பாதி சொத்துக்கு, பாதி ஆட்களுக்கு என்று வரியைப் பிரித்துப் பார்த்ததன் எச்சம் அது.

ஆறு படிகள்

1992 சட்டத்தின் 6ஆம் பிரிவு பொறுப்பாளியைத் தேட ஆறு படிகளை வைத்திருக்கிறது. மேலிருந்து இறங்க வேண்டும். எந்தப் படியில் முதலில் ஆள் அகப்படுகிறாரோ அங்கேயே நிற்க வேண்டும். முதல் படி, அந்த வீட்டிலேயே வசிக்கும் சொந்தக்காரர். இரண்டாவது, அங்கே வசிக்கும் குத்தகைதாரர். மூன்றாவது, சட்டப் பாதுகாப்புள்ள வாடகைதாரரும் கவுன்சில் வீட்டு வாடகைதாரரும். நான்காவது, குத்தகை உரிமை இல்லாமல் அனுமதியின் பேரில் மட்டும் தங்கியிருப்பவர். ஐந்தாவது, எந்த உரிமைப் பத்திரமும் இல்லாமல் சும்மா வசிப்பவர். இந்த ஐந்து படிகளிலும் ஆளில்லை என்றால்தான் ஆறாவது படி: அங்கே வசிக்காத உரிமையாளர்.

முதல் ஐந்து படிகளுக்கும் பொதுவான நிபந்தனை வசிப்பு. 18 வயது நிரம்பியவராகவும், அந்த வீட்டைத் தன் ஒரே வீடாகவோ முதன்மை வீடாகவோ கொண்டவராகவும் இருக்க வேண்டும். ஒரே படியில் பலர் இருந்தால் எல்லோரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. அதாவது நால்வர் இருந்தால் கவுன்சில் அவர்களில் ஒருவரைப் பிடித்து முழுத் தொகையையும் கேட்கலாம். மற்ற மூவரிடம் பங்கு வாங்குவது அவர் சாமர்த்தியம். கணவன் மனைவியும், தம்பதிபோல் சேர்ந்து வாழ்வோரும், ஒப்பந்தத்தில் ஒருவர் பெயரே இருந்தாலும், இருவரும் பொறுப்பாளிகள். பொறுப்பு நாள் கணக்கில் ஓடுகிறது. ஒரு நாளின் முடிவில் இருக்கும் நிலைதான் அந்த நாள் முழுவதற்கும் நிலை என்று சட்டம் கொள்கிறது.

இதை ஒரே வீட்டில் பொருத்திப் பார்க்கலாம். இல்ஃபோர்டில் ஒரு வீடு இருப்பதாகவும், அதில் வேலைக்குப் போகும் ஒருவரும் முழுநேர மாணவர் மூவரும் தங்கியிருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். வரி, 2025–26இல் இங்கிலாந்தின் சராசரி டி பிரிவுத் தொகையான 2,280 பவுண்டு என்றே வைப்போம்.

நால்வரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு முழு வீட்டையும் எடுத்திருந்தால், நால்வரும் ஒரே படியில் இருக்கிறார்கள். ஆனால் அதே படியில் மாணவரல்லாதவர் ஒருவர் இருக்கும்போது மாணவர்களைக் கூட்டுப் பொறுப்பிலிருந்து சட்டம் விடுவிக்கிறது. மாணவர் தலைக்கணக்கிலும் சேரமாட்டார் என்பதால் தனியாள் தள்ளுபடி கிடைக்கும். ஆக வேலைக்குப் போகிறவர் ஒருவர் தலையில் 1,710 பவுண்டு. நண்பர்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டால் அது நட்பு. சட்டம் அதைக் கட்டாயப்படுத்தாது.

அதே வீடு ஒரு மாணவர் பெயரில் மட்டும் எடுக்கப்பட்டு, மற்ற மூவரும் அவரிடம் இடம் வாங்கித் தங்கியிருந்தால் கதை தலைகீழ். மாணவர் மேல்படியில் இருக்கிறார், வேலைக்குப் போகிறவர் கீழ்ப்படியில். 1,710 பவுண்டும் மாணவர் பொறுப்பு. ஊரிலிருந்து முதலில் வந்து சேர்ந்தவர் பெயரில் வீட்டைப் பிடித்துவிட்டு மற்றவர்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் நம் வழக்கத்தில், மாணவர் சிக்குவது இப்படித்தான்.

வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருந்து அறைகளை விட்டிருந்தால், முதல் படியிலேயே தேடல் முடிந்துவிடும். அவர்தான் பொறுப்பு. ஆனால் தனியாளாக இருந்தவரை அவருக்குக் கிடைத்த 25 சதவீதத் தள்ளுபடி, வேலைக்குப் போகும் ஒருவர் குடிவந்த நாளில் போய்விடும். “கவுன்சிலிடம் இந்த முகவரியைக் கொடுக்காதே” என்று சில வீட்டுக்காரர்கள் சொல்வதன் பின்னணி இது. மாணவரை வைத்துக்கொண்டால் தள்ளுபடி போகாது. வேலைக்குப் போகிறவர் கிளம்பிவிட்டு, வீட்டுக்காரரும் அங்கே இல்லாமல், மூன்று மாணவர்கள் மட்டும் எஞ்சினால் அந்த வீட்டுக்கு வரியே இல்லை.

நால்வரும் அறைக்கு ஒரு ஒப்பந்தம் போட்டு, வீட்டுக்காரர் வேறெங்கோ இருந்தால், ஆறு படிகளே பொருந்தாது. அதற்குத் தனி விதி.

அறை வாடகை

தொடர்பில்லாத பலர் தனித்தனி ஒப்பந்தத்தில் அறைகளில் தங்கி, சமையலறையையும் குளியலறையையும் பகிர்ந்துகொள்ளும் வீடுகளை அங்கே ‘ஹெச்எம்ஓ’ என்கிறார்கள். இவற்றுக்கு வசிப்பவரை விட்டுவிட்டு உரிமையாளரையே பொறுப்பாக்கும் விதி 1992 முதலே உண்டு. முதியோர் இல்லங்கள், துறவியர் மடங்கள், அரசு ஆதரவில் புகலிடம் கோருவோர் தங்கவைக்கப்பட்டுள்ள வீடுகள் ஆகியவையும் இதே பட்டியலில் அடங்கும். ஆள் அடிக்கடி மாறும் இடத்தில் வரிச்சீட்டைத் துரத்திக்கொண்டிருக்க முடியாது என்பதுதான் காரணம். 19ஆம் நூற்றாண்டின் வசூல் தலைவலிக்குக் கண்ட அதே மருந்து.

இதில் நெடுநாள் ஒரு ஓட்டை இருந்தது. வீடுகளைப் பிரிவுபடுத்தும் மதிப்பீட்டு அலுவலகம், இப்படிப்பட்ட வீட்டின் ஒவ்வோர் அறையையும் சில வேளை தனி வீடாகக் கணக்கிட்டுத் தனித்தனி ஏ பிரிவு கொடுத்துவிடும். அப்போது ஓர் அறையில் தங்கியிருப்பவருக்கு முழு வீட்டுக்குரிய சீட்டு வரும். 2023 டிசம்பர் 1 முதல் இங்கிலாந்தில் இது முடிவுக்கு வந்தது: ஹெச்எம்ஓ முழுவதும் ஒரே வீடு, பொறுப்பு உரிமையாளருடையது.

தமிழர் வட்டாரங்களில் பழக்கமான இன்னொரு ஏற்பாட்டையும் இங்கே கவனிக்க வேண்டும். ஒருவர் முழு வீட்டையும் குத்தகைக்கு எடுத்து, தான் வேறிடத்தில் இருந்துகொண்டு, அறை அறையாக விடுகிறார். சொந்த வீடு இல்லாவிட்டாலும், முழு வீட்டின் மீதும் அவருக்கு உள்ள குத்தகை உரிமையால் சட்டத்தின் கண்ணில் அவரே உரிமையாளர் ஆகிவிடலாம். வரிச்சீட்டு அவரைத் தேடி வரும்.

ஒப்பந்தத்தின் எல்லை

வாடகை ஒப்பந்தங்களில் “கவுன்சில் வரியை வாடகைதாரர் செலுத்த வேண்டும்” என்றோ “வாடகையில் அடக்கம்” என்றோ ஒரு வாசகம் இருக்கும். கவுன்சிலைப் பொறுத்தவரை அந்த வாசகத்துக்கு மதிப்பில்லை. பொறுப்பாளியைச் சட்டம் சொல்லிவிட்டது. இருவர் தங்களுக்குள் எழுதிக்கொண்டது அதை மாற்றாது. வாடகையில் அடக்கம் என்று எழுதிய வீட்டுக்காரர் கட்டாமல் விட்டால், கவுன்சில் முழு வீட்டின் வாடகைதாரரிடம்தான் வரும். அவர் கட்டிவிட்டு, ஒப்பந்தத்தைக் காட்டி வீட்டுக்காரரிடம் திரும்பக் கேட்கலாம். ஒப்பந்தத்தின் பயன் அவ்வளவுதான். வாய்வார்த்தையாக மட்டும் சொல்லியிருந்தால் அந்தப் பயனும் சந்தேகமே. ஆகவே வாடகையில் அடக்கம் என்றால் அதை எழுத்தில் வாங்குவதும், கவுன்சிலின் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று விசாரிப்பதும் இரண்டும் வேண்டும்.

சாவியைக் கொடுத்த பிறகு

வீட்டைக் காலிசெய்துவிட்டால் வரியும் நின்றுவிடும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஆறாவது படியில் சொல்லப்படும் உரிமையாளர் என்பவர் வீட்டை வாங்கியவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆறு மாதமோ அதற்கு மேலோ நீளும் குத்தகை வைத்திருப்பவரும் சட்டப்படி அந்த இடத்தில் வருவார். ஓராண்டு ஒப்பந்தத்தில் பத்தாவது மாதமே வெளியேறியவர், வீடு காலியாகக் கிடக்கும் மீதி இரண்டு மாதத்துக்கும் பொறுப்பு. நாளுக்கு ஆறேகால் பவுண்டு என்று கொண்டால், 60 நாளுக்கு 375 பவுண்டு.

கெடு முடிந்தபின் மாதாமாதம் நீடிக்கும் வாடகையில் என்ன நிலை என்பது நீதிமன்றம்வரை போனது. சட்டத்தின் இயக்கத்தால் தானாக உருவாகும் மாதாந்திர வாடகை ஒரு புதிய வாடகை. அதற்கு ஆறு மாத நீளம் இல்லை. ஆகவே வீடு காலியானால் வீட்டுக்காரர் பொறுப்பு என்று கேம்டன் கவுன்சில் சம்பந்தப்பட்ட 2012 வழக்கில் உயர் நீதிமன்றம் கருதியது. ஆனால் “ஆறு மாதம், அதன்பின் மாதாமாதம்” என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால் முழுவதும் ஒரே குத்தகை, விலகிப்போன வாடகைதாரரே பொறுப்பு என்று லீட்ஸ் நகர கவுன்சில் சம்பந்தப்பட்ட 2016 வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் இருப்பதும் இல்லாததும் பொறுப்பை ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தள்ளிவிட்டது.

2025ஆம் ஆண்டின் வாடகைதாரர் உரிமைச் சட்டம் இந்த நுட்பத்துக்கு வேலை இல்லாமல் செய்கிறது. 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் தனியார் வாடகைக்குக் கெடு கிடையாது. எல்லாம் தொடர் வாடகை, வெளியேற வாடகைதாரர் இரண்டு மாத அறிவிப்புத் தர வேண்டும். ஆறு மாதக் கெடு ஒழிந்தால் முன்கூட்டி வெளியேறியவர் வரியிலிருந்தும் தப்பிவிடுவார் என்பதால், கவுன்சில் வரிச் சட்டமும் கூடவே திருத்தப்பட்டது: வாடகை உரிமை முறைப்படி முடியும் நாள்வரை, இடையில் வெளியேறினாலும், வாடகைதாரரே பொறுப்பு. ஆகவே கணக்கில் நிற்பது பெட்டி படுக்கையைத் தூக்கிய நாள் அல்ல, அறிவிப்புக் காலம் முடியும் நாள்.

மாணவரும் துணைவரும்

மாணவர் விசாவில் செல்வோருக்கு மூன்று விஷயங்கள் முக்கியம். முதலாவது, விலக்கு தானாக வராது. பல்கலைக்கழகம் தரும் மாணவர் சான்றிதழைக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். இரண்டாவது, விசாவின் நிபந்தனை வேலையையோ அரசு உதவித்தொகையையோ தடுத்திருந்தால், பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாத கணவரோ மனைவியோகூட மாணவரைப் போலவே கணக்கிலிருந்து விலக்கப்படுவார். இதை அறியாமல் முக்கால் வரி கட்டும் தம்பதிகள் உண்டு. மூன்றாவது, படிப்பு முடிந்ததும் விலக்கும் முடிந்துவிடும். படித்தவர் பணிவாய்ப்பு தேடும் ‘கிராஜுவேட்’ விசாவுக்கு மாறினால் அவர் மற்ற வாடகைதாரரைப் போலத்தான்.

இன்னோர் எச்சரிக்கை. குறைந்த வருமானத்தினருக்குக் கவுன்சில் தரும் வரிக் குறைப்பு, குடிவரவு விதிகளின்படி அரசு உதவிப் பட்டியலில் வருகிறது. அரசு உதவி கூடாது என்ற நிபந்தனையோடு விசா பெற்றவர் அதற்கு விண்ணப்பித்தால் விசாவுக்கே சிக்கல் வரலாம். தனியாள் தள்ளுபடியும் மாணவர் விலக்கும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றைத் தயங்காமல் கேட்கலாம்.

சீட்டு தவறு என்று தோன்றினால் கிழித்துப் போடுவது ஆபத்து. தவணை தவறினால் ஏழு நாள் கெடுவோடு நினைவூட்டல் வரும். அதையும் விட்டால் ஆண்டு முழுவதன் பாக்கியும் ஒரே தொகையாகக் கேட்கப்படும். பிறகு மாஜிஸ்திரேட் நீதிமன்ற ஆணை, சம்பளப் பிடித்தம், வீட்டு வாசலில் பெயிலிஃப் என்ற ஜப்தி அலுவலர். வேண்டுமென்றே கட்டாதவரை மூன்று மாதம்வரை சிறையில் வைக்கும் அதிகாரம் இங்கிலாந்தில் இருக்கிறது. வேல்ஸ் 2019இல் அதை எடுத்துவிட்டது. பொறுப்பை மறுப்பவர் முதலில் கவுன்சிலுக்கு எழுத வேண்டும். இங்கிலாந்தில் கவுன்சில் மறுத்தாலோ இரண்டு மாதம் பதில் சொல்லாவிட்டாலோ மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதற்குக் கட்டணமில்லை. விசாரணை முடியும்வரை தவணையை நிறுத்தாமல் இருப்பது நல்லது.

யார் சுமக்க வேண்டும்

வசிப்பவர் கட்டுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. குப்பை அள்ளுவதும் தெருவிளக்கும் நூலகமும் அங்கே வாழ்பவருக்குத்தான். ஆனால் தொகையை நிர்ணயிக்கும் விதம் இந்த நியாயத்தோடு ஒட்டவில்லை. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வீடுகள் இன்றும் 1991 ஏப்ரல் மாத மதிப்பிலேயே பிரிவுபடுத்தப்பட்டுள்ளன. இங்கிலாந்தில் அன்று 3,20,000 பவுண்டுக்கு மேல் மதிப்பிருந்த வீடெல்லாம் உச்சப் பிரிவு. அதற்கு மேல் எவ்வளவு ஏறினாலும் வரி மிகக் கீழான பிரிவைப்போல் மூன்று மடங்குதான். முப்பது ஆண்டுகளில் வீட்டு விலை ஏறிய இலாபம் முழுவதும் உரிமையாளருக்கு. அந்தச் சொத்தின் பெயரால் வரும் வரியோ, அதில் ஒரு செங்கல்லும் சொந்தமில்லாதவருக்கு.

2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில், இங்கிலாந்தில் 20 இலட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு 2028 முதல் கூடுதல் வரி அறிவிக்கப்பட்டது. அதைக் கட்டப்போவது குடியிருப்பவர் அல்ல, உரிமையாளர். சொத்தின் மதிப்புக்கு விதிக்கும் வரியைச் சொத்துக்காரரிடம் கேட்பதுதான் முறை என்று அரசே ஒப்புக்கொண்டதாக இதை எடுத்துக்கொள்ளலாம். மாளிகைக்குச் சரியான முறை, மாடி அறைக்கும் சரியாக இருக்க வேண்டும்.

அதுவரை வாடகைதாரர் செய்யக்கூடியவை சில. வீட்டைப் பார்க்கும்போதே எந்தப் பிரிவு, வரிக்கணக்கு யார் பெயரில், ஒப்பந்தம் முழு வீட்டுக்கா அறைக்கா என்று கேளுங்கள். வந்த தேதியையும் வாடகை முடியும் தேதியையும் கவுன்சிலுக்கு எழுத்தில் தெரிவித்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் வரும் சீட்டைத் தொல்லை என்று ஒதுக்காதீர்கள். நல்ல முகவரிச் சான்று அது. இன்னொன்றும் செய்யுங்கள். விசாவோடு பிரிட்டனில் வசிக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்கள், காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில், உள்ளாட்சித் தேர்தலிலும் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். கவுன்சில் வரிக் கணக்கில் பெயர் இருப்பதால் மட்டும் வாக்காளர் பட்டியலில் பெயர் வந்துவிடாது. அதற்குத் தனியாகப் பதிய வேண்டும். வரியைத் தீர்மானிக்கும் கவுன்சிலரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை, வரி கட்டுகிறவர் விட்டுவிடலாகாது.